கரையில் ஓடும், கடலில் படுக்கும்

டீசல் எஞ்சின் ரிப்பேர் பார்க்கிறவனுக்குப் பாதி ஆயுசு பஸ்ஸில் போகும். மீதி ஆயுசு, "நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு" என்ற பேச்சைக் கேட்பதில் போகும்.

சமஸ்தானம் போய், கவர்மெண்டு வந்து, ஊர்ப்பக்கம் மாட்டைப் பூட்டிக் கவலை இறைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எஞ்சின் வாங்க ஆரம்பித்த காலம் அது. புதுக்கோட்டையில் எஞ்சின் விற்கிற ஒரு கடையில் நான் பிட்டர். விற்பது முதலாளி. விற்ற பிறகு திட்டு வாங்குவது நான். சாக்குப்பையில் ஸ்பானரும் சுத்தியலும் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போய்வருவேன். இதைப் படிக்கிற உங்களில் எஞ்சின் வைத்திருப்பவர்கள் இருப்பீர்கள். ஹாண்டிலைச் சுற்றிச் சுற்றித் தோள் கழன்றவர்கள் இருப்பீர்கள். என் அலுப்பு உங்களுக்குப் புரியும். மற்றவர்கள் புண்ணியம் செய்தவர்கள், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

எஞ்சினுக்கு வருகிற நோய்களிலேயே என் உயிரை வாங்கியது ஒன்றுதான். சும்மா ஓடவிட்டால் ராஜா மாதிரி ஓடும். வேலை கொடுத்தால் முக்கும், கரும்புகை விடும், படுத்துவிடும். எங்கள் பக்கத்தில் இதற்கு "இழுவை இல்லை" என்று பேர். டீசல் சரியாக இறங்காமல் இருக்கலாம், காற்றுப் போகாமல் இருக்கலாம், உள்ளே எதுவோ தேய்ந்திருக்கலாம். எது என்று எஞ்சின் சொல்லாது. எஞ்சின்காரர் சொல்லுவார், ஆனால் அதை நம்ப முடியாது.

கிணற்றுக்குள் குடித்தனம்

திருவரங்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு விவசாயி. கோடையில் கிணற்றுத் தண்ணீர் அடியில் போய்விட்டது. மேலே இருக்கிற எஞ்சினால் அவ்வளவு ஆழத்திலிருந்து இழுக்க முடியவில்லை. அதனால் கிணற்றுக்குள்ளேயே பாதி ஆழத்தில் மேடை கட்டி, வடம் போட்டு எஞ்சினை இறக்கிவிட்டார். அதில் தப்பில்லை, அந்தப் பக்கம் நிறையப் பேர் செய்வதுதான். ஆனால் புகைக்குழாயை மேல்வரைக்கும் நீட்டாமல் கட்டையாக விட்டுவிட்டார். ஓட ஆரம்பித்ததும் கிணறு பூராவும் புகை. எஞ்சின் தான் விட்ட புகையைத் தானே இழுத்து, ஒரு பாத்தி நிறைவதற்குள் இருமி இருமி நின்றுவிடும்.

நான் ஏணியில் இறங்கி, பார்த்த பாதி பாராத பாதி, கண்ணெல்லாம் எரிய மேலே வந்து விழுந்தேன். "எஞ்சினுக்கு நல்ல காத்து வேணும்ங்க. குழாயை மேல வரைக்கும் கொண்டாந்துருங்க" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கிணற்றடியில் நின்ற நாலு பேரும் கேட்கும்படி சொன்னார்:

"நான் உள்ள எறங்கித் தூர் வாரலையா, எனக்கு என்ன ஆச்சு? மனுசனுக்கே ஒண்ணும் ஆகலை. இரும்புக்கு என்ன தம்பி மூச்சு?"

சூடு பிடித்த எஞ்சின்

கீரனூர்ப் பக்கம் கடலை உடைக்கிற மிஷின் வைத்திருந்தவர் ஒருவர். ரொம்ப மரியாதையானவர். போனதும் மோர் கொடுத்தார், விசிறி கொடுத்தார், அதற்குப் பிறகுதான் எஞ்சின் பேச்சையே எடுத்தார். மிஷினுக்கு பெல்ட்டை மாட்டினால் எஞ்சின் திணறுகிறது என்றார். பில்டரைக் கழற்றினேன். உள்ளே பாயசம் மாதிரி ஏதோ கெட்டியாக இருந்தது. மோந்து பார்த்தேன். விளக்கெண்ணெய்.

சித்திரை வெயிலில் எஞ்சின் கைவைக்க முடியாமல் சுட்டதாம். குளிர்ச்சிக்காக டீசல் டேங்கில் ஊற்றியிருக்கிறார். கழுவி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது, கடைசி பஸ்ஸும் போய்விட்டது. அலுப்பில், "யாருங்க உங்களுக்கு இந்த யோசனை சொன்னது?" என்று கொஞ்சம் சுருக்கென்றே கேட்டுவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பணிவாகத்தான் பதில் சொன்னார்:

"எனக்குச் சூடுன்னா உச்சந்தலையில வைப்பேன் தம்பி. இதுக்குத் தலை எங்கிட்டு இருக்குன்னு தெரியலை, அதான் வாயில ஊத்திட்டேன்."

கடலுக்குப் போன எஞ்சின்

இதெல்லாம் தரைக் கஷ்டம். கடல் கஷ்டம் ஒன்று என் தலையில் எழுதியிருந்தது. மீமிசலைத் தாண்டி ஒரு கடற்கரைக் கிராமம். அங்கே சாத்தையா என்று ஒருவர், பாய் கட்டி ஓட்டுகிற வள்ளம் வைத்திருந்தார். முந்தின வருஷம் சுழல்காற்றில் பாய்மரத்தின் குறுக்குக்கட்டை கட்டறுந்து அவருடைய வலது தோள்மேல் விழுந்துவிட்டது. எலும்பு கூடிவிட்டது, ஆனால் கை தோளுக்கு மேலே போகாது. பாய்க்கயிற்றை இழுக்க முடியாது, துடுப்புப் போட முடியாது. எஞ்சின் இருந்தால் ஒரு கையால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே போகலாம். இல்லாவிட்டால் வள்ளத்தை விற்றுவிட்டு, கரையில் உட்கார்ந்து அடுத்தவன் வலையைச் சிக்கெடுக்க வேண்டியதுதான். அவர் எஞ்சின் வாங்கியது இந்தக் கதிக்குப் பயந்து. அவருடைய மனைவி முத்துராக்குவின் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருந்ததைப் பார்த்து, எப்படி வாங்கினார்கள் என்பது எனக்குப் புரிந்தது.

நான்தான் போய் வள்ளத்தில் எஞ்சினைப் பொருத்தினேன். டேங்கை வள்ளத்தின் ஓரத்தில் உயரமாக வைத்தேன். அதற்கு வட்டமாக ஒரு பித்தளை மூடி. "அண்ணே, என்ன ஆனாலும் கடல்ல வச்சு இந்த மூடியைத் திறக்காதீங்க. ஒரு சொட்டு உப்புத்தண்ணி உள்ள போச்சுன்னா பம்பு போச்சு" என்று கறாராகச் சொன்னேன். கூட நின்ற காளிமுத்து, முத்துராக்குவின் தம்பி, வள்ளத்தில் எல்லா வேலையும் அவர்தான், தலையை ஆட்டினார். முத்துராக்கு மட்டும் முழங்கால் தண்ணீரில் நின்றபடியே எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண்கள் வள்ளத்துக்குள் கால் வைக்கிற வழக்கம் அங்கே இல்லை. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு என்னிடம் சொன்னார்:

"இவுக கையி போச்சு தம்பி. இனிமே இதுதான் இவுக கையி. பாத்து வச்சுட்டுப் போங்க."

கார்டு

இரண்டு மாசம் நிம்மதியாக இருந்தேன். பிறகு கடைக்கு ஒரு கார்டு வந்தது. முதலாளி அதை வாசித்துவிட்டு என் பக்கம் தள்ளினார். புறப்பட்டேன். புதுக்கோட்டையில் ஒரு பஸ், அறந்தாங்கியில் இறங்கி ஒரு பஸ், ஆவுடையார்கோவிலில் அந்த பஸ்ஸே மனசு மாறி நின்றுவிட்டது. டிரைவர் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு முழித்தார். என் பையைப் பார்த்துவிட்டார். அந்த பஸ்ஸையும் நான்தான் சரி பண்ணினேன்.

கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது உடம்பில் எதுவும் மிச்சமில்லை. சாத்தையா வாசலில் உட்கார்ந்திருந்தார். "என்ன அண்ணே பண்ணுது?" என்றேன். கரையிலிருந்து புறப்படும்போது நன்றாக ஓடுமாம். ஆழத்துக்குப் போய் முழு வேகம் வைத்ததும், கொஞ்ச நேரத்தில் தம் குறைந்து, முனகி, நின்றுவிடுமாம். சும்மா விட்டுவைத்தால் மறுபடி ஓடுமாம், மறுபடி நிற்குமாம். கார்டில் எழுதியிருந்ததையே அவர் வாயாலும் சொன்னார்:

"எஞ்சின் ஓடுது தம்பி. ஆனா ஓடலை."

வைத்தியர் வந்தால் நோவு இல்லை

எந்த எஞ்சினிடம் போனாலும் முதல் வேலையாக டேங்கு மூடியைத் திறந்து, குச்சி விட்டு, டீசல் இருக்கிறதா என்று பார்ப்பது என் பழக்கம். இல்லாத டீசலுக்காக எஞ்சினைப் பிரித்துப் போட்ட பிட்டர்களை எனக்குத் தெரியும். டேங்கு நிறைய டீசல் இருந்தது. மூடியைப் பழந்துணியால் அழுக்குப் போக அழுத்தித் துடைத்து மாட்டினேன். ஹாண்டிலைப் போட்டேன். ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது. கரையோரமாகவே நீளத்துக்குப் போய்த் திரும்பி வந்தோம். குறை சொல்ல ஒன்றும் இல்லை.

இருந்தாலும் சும்மா திரும்ப முடியுமா? நாசிலை மாற்றினேன். டீசலை எஞ்சினுக்குள் தூவுகிற சின்னக் குழல் அது; பழி போடுவதற்குத் தோதான சாமான். பில்டரைக் கழுவினேன். பஸ்ஸுக்கு நடந்தேன். கடைக்கு வந்து கையைக் கழுவுவதற்குள் அடுத்த கார்டு வந்துவிட்டது. மறுபடி போனேன். மறுபடி ஓடியது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. காளிமுத்து கரையில் நின்று பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு சொன்னார்:

"ஒங்களைக் கண்டா மட்டும் ஓடுது. பேசாம இங்கேயே ஒரு பொண்ணைக் கட்டிக்கிட்டு இருந்துருங்க."

வெள்ளிக்கிழமை

மூன்றாவது தடவை போனபோது காளிமுத்து ஒரு துப்புச் சொன்னார். ஆரம்பத்தில் இந்தக் கோளாறு வெள்ளிக்கிழமை மட்டும்தான் வந்ததாம். மற்ற நாளெல்லாம் ஒழுங்காக ஓடியதாம். இப்போது கொஞ்ச நாளாகத்தான் தினமும் வருகிறதாம். இதைச் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

எனக்கு எரிச்சல் வந்தது. இரும்புக்குக் கிழமை தெரியுமா? உப்புக்காற்றில் ஏதோ துருப்பிடித்து நாளுக்கு நாள் அதிகமாகிறது, அதற்கு வெள்ளி என்ன சனி என்ன என்று நினைத்தேன். அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் ஆற்றாமையாக இருக்கிறது, அன்றைக்குக் கொஞ்சம் நின்று கேட்டிருந்தால் அத்தனை பஸ் ஏறி இறங்கியிருக்க வேண்டாம். சாத்தையாவோடு கடலுக்குப் போய்க்கொண்டிருந்த கூலியாட்கள் இரண்டு பேரும் அதற்குள் நின்றுவிட்டார்கள். வாடைக்காற்று ஆரம்பிக்கப்போகிற நேரம். நடுக்கடலில் நின்றுபோகிற வள்ளத்தில் யார் ஏறுவார்கள்? அதில் ஒருவர் போகிறபோது என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்:

"வெள்ளிக்கிழமை வெரதம் இருந்துச்சு, சரின்னு விட்டோம். இப்ப தெனமும் இருக்கு. அதோட சேந்து நாங்களும் பட்டினி கிடக்க முடியாதுங்க."

கட்டிப்போட்டு ஓட்டியது

எனக்குக் கடல் ஆகாது. நான் புழுதியில் பிறந்தவன். குளத்தில் இடுப்பளவுக்கு மேல் இறங்கினது கிடையாது. அதனால் கடலுக்குப் போகாமலே எஞ்சினுக்குக் கடல் வேலை கொடுக்க ஒரு வழி யோசித்தேன். கரையோரத் தண்ணீரில் பெரிய முளைக்கம்பை அடித்து, வடத்தால் வள்ளத்தை அதில் கட்டி, எஞ்சினை முழு வேகத்தில் விட்டேன். எஞ்சினோடு சுழல்கிற விசிறி தண்ணீரைக் குழப்பித் தள்ளுகிறது, வள்ளம் முன்னே போக முட்டுகிறது, வடம் விறைத்து நிற்கிறது. பாரம் என்றால் பாரம். வழக்கம்போல மூடியைத் திறந்து டீசல் பார்த்து, துடைத்து மாட்டிவிட்டுத்தான் ஆரம்பித்தேன்.

ஊரே கூடிவிட்டது. வெயில் ஏறி உச்சிக்கு வந்தது. எஞ்சின் அசரவில்லை. முளைக்கம்புதான் அசைந்து கொடுத்தது. எனக்குச் சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை. முத்துராக்கு எல்லோருக்கும் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு சொன்னார்:

"கட்டிப்போட்டுட்டு ஓடு ஓடுன்னா, அது எங்கிட்டு ஓடும்?"

முதலாளி

கடைக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். முதலாளி ஊதுவத்தி ஏற்றிக்கொண்டே கேட்டார். ரிங்கு தேய்ந்திருக்கும் என்றார். புது எஞ்சினில் எப்படித் தேயும் என்றேன். டீசலில் தண்ணீர் கலந்திருக்கும் என்றார். பார்த்தாயிற்று என்றேன். அப்படியானால் அந்த ஆளுக்கு ஓட்டத் தெரியவில்லை என்றார். எனக்கு அந்த விளங்காத கையும், அவர் வாசலில் உட்கார்ந்திருந்த இருப்பும் கண்ணுக்கு முன்னால் வந்தது. அவருக்கு ஓட்டத் தெரியும் என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

அன்றைக்குக் காலைத் தபாலில் மறுபடி ஒரு கார்டு வந்திருந்தது. இந்தத் தடவை குற்றம் குறை எதுவும் எழுதவில்லை. "ஞாயிற்றுக்கிழமை வள்ளத்தைப் பார்க்க கோட்டைப்பட்டினத்தில் இருந்து ஆள் வருது. எஞ்சினைக் கழட்டிக் கொடுக்க வந்து போகவும்" என்று மட்டும் இருந்தது. அதை வைத்துக்கொண்டு நான் நின்றேன். முதலாளி ஊதுவத்தியைச் செருகிவிட்டுத் திரும்பினார்:

"கரையில ஓடுதுங்கிறே, கடல்ல படுக்குதுங்கிறே. நீ கரையிலேயே நின்னா அது எப்படிப்பா ஒனக்குத் தெரியும்?"

கூட வாங்க

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் போய்ச் சேர்ந்தேன். எஞ்சினைக் கழற்றுவதற்கு முன்னால் ஒரு தடவை கடலுக்குக் கூட வருகிறேன் என்றேன். சாத்தையா எழுந்தார். டீசல் ஏற்கெனவே ஊற்றியாயிற்று, நானே பார்த்து ஊற்றினேன் என்றார் காளிமுத்து. அதை நம்பி, நான் டேங்கைப் பார்க்கிற வேலையை விட்டுவிட்டு ஏறி உட்கார்ந்துவிட்டேன். முத்துராக்கு தட்டில் சூடம் ஏற்றிக்கொண்டு தண்ணீரில் இறங்கி வந்தார். நான் கடலைப் பார்க்கப் பயந்து கண்ணை மூடிக் குனிந்திருந்தேன். மணி அடித்தது கேட்டது. வள்ளத்தைத் தள்ளினார்கள்.

கரை ஒரு கோடாகத் தெரிகிற தூரம் வந்ததும் முழு வேகம் வைத்தார் சாத்தையா. நான் ஓரத்தில் தலையைத் தொங்கப்போட்டு, காலையில் குடித்த காப்பியையும் அதற்கு முந்தினதையும் கடலுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்போது காதில் விழுந்தது. எஞ்சினின் சத்தம் இறங்குகிறது. முதலில் ஒரு திணறல், அப்புறம் முனகல். கார்டில் எழுதியிருந்த நோவை அன்றைக்குத்தான் முதல்முதலாகக் காதால் கேட்டேன்.

வாடைக்காற்று அன்றைக்கென்று கொஞ்சம் எழும்பியிருந்தது. வள்ளம் பக்கவாட்டில் ஆட ஆரம்பித்தது. காளிமுத்து ஓடிப்போய்ப் பாயை அவிழ்த்தார். ஒற்றை ஆளால் ஏற்ற முடியவில்லை. சாத்தையா சுக்கானை விட்டுவிட்டு எழுந்து, இடது கையால் கயிற்றைப் பிடித்து, வலது கையையும் கூடக் கொண்டுபோகப் பார்த்தார். அது தோளோடு நின்றுவிட்டது. இன்னொரு தடவை முயன்றார். முகம் வெளுத்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். எனக்கு வாந்தி நின்றுபோனது. என்னைப் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"பாத்தீங்கல்ல தம்பி. கழட்டிக்கிட்டுப் போயிருங்க. அவளுக்கு நான் சொல்லிக்கிறேன்."

மூடி

எஞ்சின் இன்னும் முழுசாகச் சாகவில்லை, முனகிக்கொண்டிருந்தது. தவழ்ந்து போய், டீசல் வருகிற குழாயின் முடிச்சைக் கொஞ்சம் தளர்த்தினேன். ஓட வேண்டிய டீசல் சொட்டுச் சொட்டாக வந்தது. டேங்கு நிறைய இருக்கிறது, கீழே இறங்கவில்லை. உள்ளே ஏதோ குப்பை அடைத்திருக்கிறது என்று நினைத்து, முடிச்சை இறுக்கிவிட்டு மூடிக்குக் கைநீட்டினேன். சாத்தையா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "கடல்ல தெறக்கப்படாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றார். இத்தனை நாளும் அவர் அதை வேதமாகக் காப்பாற்றியிருக்கிறார். என் துண்டை அவிழ்த்து டேங்கின்மேல் முக்காடு மாதிரி பிடிக்கச் சொல்லிவிட்டு, மூடியைத் திருகினேன்.

"உஸ்" என்று ஒரு சத்தம். வெளிக்காற்று உள்ளே பாய்கிற சத்தம். நான் மூடியைக் கையில் எடுப்பதற்குள் எஞ்சின் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வேகம் பிடித்தது. எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. எண்ணெய் டின்னில் ஒரே ஒரு ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் இறங்காது, எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட வேண்டும். டேங்குக்கும் அப்படித்தான்; டீசல் இறங்க இறங்கக் காற்று உள்ளே போக வேண்டும். அதற்கென்று மூடியின் நட்டநடுவில் குண்டூசி நுழைகிற அளவு ஓட்டை வைத்திருப்பார்கள். மெல்ல ஓடும்போது எஞ்சின் கொஞ்சமாகக் குடிக்கும், எப்படியோ சமாளிக்கும். முழு வேகத்தில் கேட்கும்போது கிடைக்காது. நான் போகிற போதெல்லாம் முதலில் மூடியைத் திறந்து துடைத்து, நோவையும் சேர்த்துத் துடைத்துவிட்டுத்தான் நோவைத் தேடியிருக்கிறேன்.

மூடியை முக்காட்டுக்கு வெளியே எடுத்துப் பார்த்தேன். ஓட்டையைக் காணோம். அந்த இடத்தில் சந்தனம் குழைத்து அப்பி, அதன்மேல் குங்குமம், அழகாக, வட்டமாக ஒரு பொட்டு. வெயிலில் காய்ந்து கெட்டியாக இருந்தது. வள்ளத்துக்குள் கால் வைக்கக்கூடாது. தண்ணீரில் நின்றபடி கை எட்டுகிற இடம், ஓரத்தில் நான் உயரமாக வைத்த அந்த டேங்கு மூடி ஒன்றுதான். முதலில் வெள்ளிக்கிழமை மட்டும் வைத்திருக்கிறார்; மறுநாள் டீசல் ஊற்றும்போது அது துடைபட்டுப் போயிருக்கிறது. எஞ்சின் படுக்க ஆரம்பித்ததும் சாமி குற்றமோ என்று பயந்து தினமும் வைத்திருக்கிறார். நான் கம்பியால் பொட்டைச் சுரண்டினேன். எஞ்சின் மூச்சு விடாமல் ஓடிக்கொண்டிருந்தது. காளிமுத்து சிரிக்க ஆரம்பித்து, மச்சான் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். சாத்தையா சுக்கானைப் பிடித்திருந்தார், கண்ணில் தண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. கரை நெருங்கும்போது மெதுவாகச் சொன்னார்:

"அவகிட்ட நாசில்னு சொல்லிருங்க தம்பி."

நாசில்

கரையில் முத்துராக்கு காலையில் நின்ற இடத்திலேயே நின்றிருந்தார். எஞ்சின் சத்தத்தோடு வள்ளம் வருவதைப் பார்த்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "சரியாயிருச்சு மதினி. நாசில் கோளாறு" என்றேன். "ஆமா, நாசில்" என்றார் சாத்தையா. "நாசில்தான்" என்றார் காளிமுத்து. கோட்டைப்பட்டினத்து ஆளை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு வரும்படி சாத்தையா அவரை அனுப்பினார். அவரும் சிரிப்பை அடக்க இடம் கிடைத்தது என்று ஓட்டமாக ஓடினார்.

நான் பையைக் கட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் முத்துராக்கு தட்டோடு தண்ணீரில் நிற்கிறார். சந்தனத்தை நன்றாக, வழக்கத்தைவிடக் கூடுதலாகவே குழைத்திருக்கிறார். விரல் நேராக மூடியின் நடுவுக்குப் போகிறது. "மதினி, வேணாம்" என்று கத்திவிட்டேன். அவர் கை அந்தரத்தில் நின்றது. சாத்தையா தலையைக் குனிந்துகொண்டார். வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த ஓட்டையைக் காட்டினேன். அதன் வழியாகத்தான் எஞ்சின் மூச்சு விடுகிறது என்றேன். பொட்டு வைத்தது தப்பில்லை, வைத்த இடம்தான் என்றேன்.

அவர் அந்த மூடியைப் பார்த்தார். விரலில் சந்தனம் காய்ந்துகொண்டிருந்தது. புருஷனைப் பார்த்தார், கயிற்றுக்கு எட்டாத அந்தக் கையைப் பார்த்தார். அழுவார் என்று நினைத்தேன். என் பக்கம் திரும்பினார்:

"நான் நெத்தின்னு நெனைச்சுல்ல வச்சேன். அது மூக்குன்னு நீங்க மொதல்லயே சொல்லியிருக்க வேணாமா?"

அடுத்த முறை அந்தப் பக்கம் போனபோது டேங்கின் கன்னத்தில் மை போட்ட திருஷ்டிப் பொட்டு ஒன்று இருந்தது. அன்றிலிருந்து எந்த ஊரில் எந்த எஞ்சின் இழுவை இல்லை என்றாலும், ஸ்பானரை எடுப்பதற்கு முன்னால் வீட்டுக்கார அம்மாளிடம் பொட்டு எங்கே வைக்கிறீர்கள் என்றுதான் கேட்டு வருகிறேன்.